கதிரையில் இருந்த ஜனாதிபதி

அஜின்கோர்ட் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். சனிக்கிழமை அவர்களுடைய மகளுக்குக் கலியாணம்.

“இந்தச் சக்கரக் கதிரையோடை நான் மண்டப வாசலுக்கு வரமாட்டன். ஆக்களை வரவேற்க உம்மடை அண்ணையை நிப்பாட்டும்” என்றார் அவர்.

“ரெண்டாம் உலக யுத்தத்தையே கதிரையில இருந்து நடத்தின மனுசன் இருந்தவர். உங்களுக்கு ஒரு வாசல் கஷ்டமோ?”

“ஆரது?”

“அந்தக் காலத்து அமெரிக்க ஜனாதிபதி. போலியோவில ரெண்டு காலும் ஏலாது. நாலு தரம் தேர்தல்ல வெண்டவர்.”

“நாலு தரமோ! நான் பாத்த படங்களிலை நிக்கிறாரே?”

“காலில இரும்பு கட்டி, மகன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவராம். சனத்துக்குக் கதிரையைக் காட்டாமல் ஒளிச்சவர்.”

“அம்மாடி! அந்த நோவோடை யுத்தத்தையும் நடத்தியிருக்கிறார்.”

“இப்ப கதிரையோடையே சிலை வைச்சிருக்கினம்.”

“எப்ப வைச்சது?”

“அவர் செத்து எத்தினையோ வருசத்துக்குப் பிறகு.”

அவர் கதிரையின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

“அவ்வளவு காலம் என்னால காத்திருக்கேலாது” என்றார் பிறகு. “சனிக்கிழமை வாசல்ல இருந்துகொண்டே கும்பிடுறன். கதிரையை வடிவாத் துடைச்சு விடும்.”