ஜெனரலின் நல்ல பிரதி

என் கையெழுத்து அழகாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது கூச்சத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. கையெழுத்து மட்டும் கூடவே வந்துவிட்டது. அதனால்தான் மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்கோடி வீட்டிலிருந்த மேஜர் ஜெனரல் வெங்கிடேஸ்வரன், தம் சுயசரிதையை எழுத என்னைக் கூப்பிட்டார். அது 1982.

அவர் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. எழுபத்தொன்று யுத்தத்தில் ஒரு பாலத்தைத் தகர்த்து எதிரியை நிறுத்தியவர் என்றது ஒன்று. தம் ஆட்கள் தாண்டி முடிக்கும் முன்பே தகர்த்துவிட்டார் என்றது மற்றது. இரண்டாவது கட்சிக்குப் பதில் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு புத்தகம் எழுதியிருந்தார். எங்கள் தெருத் தமிழ் ஜனங்கள் அவற்றைப் பூஜை அலமாரியில் வைத்தார்கள், வாசிக்கவில்லை. ஆகவே தமிழில் ஒன்று.

காலையில் அவர் சொல்வார், நான் பென்சிலால் எழுதிக்கொள்வேன். வீட்டுக்குப் போய் மையால் நல்ல பிரதி எடுப்பேன். மறுநாள் அதை வாசித்துக் காட்டியதும் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பீரங்கிக்கு அஞ்சாதவர் என்று மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. கண் டாக்டரின் கத்திக்கு அஞ்சினார். என் முகம் அவருக்குத் தெரியாததால் வாசிக்க எனக்குக் கூச்சமில்லை. தம் கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

ஒருநாள் 'மழை பெய்தது' என்றார். 'என் படைக்காக வானம் கண்ணீர் வடித்தது' என்று எழுதினேன். மறுநாள் வாசித்துக் காட்டினேன்.

"இதை நானா சொன்னேன்?"

"நீங்கதான் சொன்னேள், மாமா."

"நன்னாத்தான் சொல்லியிருக்கேன், கேட்டியா."

அதன்பிறகு அவருடைய ஒரு வாக்கியத்துக்கு என்னுடையது நான்கு வந்தது. இருநூறாவது பக்கத்தில், அவர் வயிற்றுப்போக்கோடு படுத்திருந்த மூன்று நாள், மாறுவேடத்தில் வேவு பார்த்த மூன்று நாளாகிவிட்டது. அந்த மாறுவேடத்தில் தலைப்பாகை எந்த நிறம் என்பது வரைக்கும் அவருக்கே ஞாபகம் வந்தது.

ஒச்சம்மாளைப் பற்றியும் சொல்லவேண்டும். அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி ஜெனரலின் படையில் சமையல்காரன். யுத்தத்துக்குப் பின் 'காணவில்லை' என்று ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். ஜெனரல் இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, உசிலம்பட்டியிலிருந்து மகள் மாடத்தியோடு வந்து, இஞ்சிக் கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். உள்ளே விடக்கூடாது என்று ஜெனரலின் உத்தரவு. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் கேட்டருகே நிற்பாள்.

"பாப்பா, அய்யா பாலத்துக்கிட்ட வந்துட்டாரா?"

"இன்னும் ரெண்டு அத்தியாயம் இருக்கு."

"நல்லாத்தேன் நடக்காரு. அன்னைக்கும் இதே நடைதானா?"

சிரித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். மாடத்திக்கு இருபத்துமூன்று வயது. பக்கத்துக் கலூரில் ஹோட்டல் வேலை பார்க்கும் செல்லதுரைக்கு அவளைப் பிடித்திருந்தது. அவன் வீட்டார் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: அப்பன் உயிரோடிருந்தால் வந்து வெற்றிலை பாக்கு மாற்றட்டும், செத்துவிட்டார் என்றால் தாய்மாமன் மாற்றட்டும், இரண்டும் தெரியாமல் எப்படி?

"செத்துட்டாருன்னாலும் சொல்லிரு, தாயி. அழுது முடிச்சிட்டு எம் மகளுக்குப் பூ வச்சிருவேன்."

பாலத்தின் அத்தியாயம் வந்த காலையில் ஜெனரல் காபியைத் தொடவில்லை.

"எழுதிக்கோ. பாலத்துல நாப்பத்தோரு பேர் இருந்தா. எதிரி இன்னும் ரெண்டு மைல் தள்ளித்தான் இருந்தான். நான் பயந்துட்டேன். வெடிக்கச் சொன்னேன். முன்னாடி வந்தவன் சங்கிலிப்பாண்டி. தலையில அண்டா. என்னைப் பாத்துக் கையை ஆட்டினான்." பிறகு, "அந்தப் பொம்மனாட்டிக்கு இந்தப் பக்கத்தை வாசிச்சுக் காட்டிடு, கொழந்தே. எனக்குத் தைரியம் போராது" என்றார்.

வீட்டில் அன்று முழுக்க முயன்றேன். அந்த வாக்கியங்களில் எதையும் சேர்க்க முடியவில்லை. இருநூற்றுப் பதினோரு பக்கம் ஒரு வீரனை வளர்த்திருந்தேன். அடுத்த பக்கத்தில் அவன் கோழையாக நின்றால் புத்தகம் என்னாவது? கடைசிச் சிப்பாய் தாண்டிய பிறகே அவர் தாண்டினார், அதன்பிறகே பாலம் பூவாய் உதிர்ந்தது என்று மையால் எழுதினேன். மறுநாள் பென்சில் தாளை வாசித்துக் காட்டினேன். மைப் பக்கத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஒச்சம்மாளுக்கு மைப் பக்கத்தை வாசித்தேன்.

"எல்லாரும் தாண்டிட்டாகளா? அப்ப உசுரோடதேன் இருக்காரு" என்றாள். நான் மறுக்கவில்லை. எழுத்தில் அப்படித்தானே இருந்தது.

ஜெனரலிடம், "வாசிச்சேன் மாமா. மன்னிச்சுட்டா" என்றேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். அவளுக்கும் நான்கு வாக்கியம் நானே கட்டிச் சொன்னேன். குழந்தைபோல அழுதார். அந்தக் கர்க்கடக மாதமே, நம் ஆடியில், நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். புத்தகம் அச்சாகி வந்தது. பாலத்தின் அத்தியாயத்தை இரண்டு கட்சியும் புகழ்ந்தன.

மாடத்தியின் அப்பா வந்ததும் கல்யாணம் என்று செல்லதுரை வீட்டுக்கு ஒச்சம்மாள் சொல்லியனுப்பினாள். செல்லதுரை ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு வேறிடத்தில் கட்டிக்கொண்டான். எண்பத்தாறில் காய்ச்சலில் ஒச்சம்மாள் போனாள். மாடத்தி இப்போதும் சுக்கு பொறுக்குகிறாள். போன மாதம் அந்த அத்தியாயத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். முடித்ததும், "நல்லா எழுதியிருக்கு அக்கா" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பென்சில் தாள் நான் இதை எழுதும் நோட்டுக்குள்தான் இருக்கிறது. கிழித்துப்போட மனம் வரவில்லை. அதுவும் என் கையெழுத்துதானே. ஜெனரல் அந்த நாற்பத்தொரு பேரைக் கொன்றார். நான் யாரையும் கொல்லவில்லை. சொல்லப்போனால் அவர்களில் ஒருவனை இந்தப் பதினைந்து வருஷமாக உயிரோடு வைத்திருக்கிறேன். ஒச்சம்மாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, தலை நிறையப் பூவோடு, சுமங்கலியாகப் போனாள். அதைச் செய்தது நான். தெரிந்தால் மாடத்தி எனக்கு நன்றிதான் சொல்வாள். அதனால்தான் அவளிடம் சொல்லவில்லை. நன்றியெல்லாம் முகத்துக்கு நேரே கேட்பது எனக்குக் கூச்சம்.