இரண்டு பேர் இருக்கும் அறை

— கனியை எழுப்பு, மாரிசெல்வி. அவளும் இருக்கும்போதுதான் இதைச் சொல்லணும்.

— அவ வேலைக்குப் போயிருக்காக்கா. நீங்க உக்காருங்க, பாய் விரிக்கேன்.

— இந்த வாரம் அவளுக்கு நைட் ஷிஃப்ட்னு போன்ல சொன்னியே. பகல்ல ரூம்ல இருப்பான்னுதான் ஒரகடம் வரைக்கும் இந்த வெயில்ல வந்தேன்.

— ஓ.டி. பாக்கச் சொல்லிட்டாவ. கம்பெனி லைன்ல ஆளு பத்தலையாம்.

— சரி, உன்கிட்டயாவது சொல்லிடறேன். எனக்குப் பொறுக்கல. லேப்ல இருந்து ரிசல்ட் வந்துடுச்சு.

— வெளிக்கிப் போனத அள்ளிக் குடுத்தோமே, அந்த டப்பாவ வச்சா? அதுல போய் என்னத்தக்கா கண்டுபிடிச்சிய?

— சிரிக்காதே. வயித்துக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்குன்னு சொன்னேன்ல, அது ஆளுக்கு ஆள் வேற. நீ கோவில்பட்டிப் பக்கம், கனி திருச்செந்தூர்ப் பக்கம். மொதல்ல குடுத்த டப்பாவுல ரெண்டு பேர் வயிறும் சம்பந்தமே இல்லாம இருந்தது. அதுக்கப்புறம் குடுத்த ரெண்டு தடவையும் பாத்தா, கூடப்பொறந்தவங்களுக்குக்கூட இவ்வளவு ஒத்துப்போகாது.

— ஒரே சட்டியிலதான திங்கோம். அவ ஆக்குனா எனக்குப் பாதி இருக்கும், நா ஆக்குனா அவளுக்குப் பாதி. ஷிஃப்ட் மாறி மூஞ்சியப் பாக்காட்டியும் சோறு இருக்கும்லா.

— அதைத்தான் இத்தனை வருஷமா தேடிட்டிருந்தேன். சோறு மாறினா பாக்டீரியா மாறும். அது மாறினா நம்ம ஜீன் வேலை செய்யற விதமே மாறலாம். ஜீன் அப்படியேதான் இருக்கும், புரியுதா. எது வேலைக்கு வரணும், எது சும்மா கெடக்கணும்ங்கறதுதான் மாறும். உங்களுக்கு ஷிஃப்ட் போடறா மாதிரி.

— அங்கயும் சூப்பர்வைசர் உண்டாக்கா?

— உண்டு. நீ தின்ற சோறுதான் சூப்பர்வைசர். இனி உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் அதைப் பாக்கணும். கனி எப்ப வருவா?

— அவளுக்கு ஊசின்னா பயம்க்கா. என்கிட்டயே ரெண்டு தடவ எடுத்துக்கோங்களேன்.

— விளையாடாதே. அவ வர்ற வரைக்கும் நான் உக்காந்திருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல.

— ஏ பொண்ணு, மோட்டார் போட்டுக்கீறேன், கொடத்த எடுத்துக்கினு வா. அட, ஆராய்ச்சி பண்ற சுபஸ்ரீம்மாவா? எப்போ வந்தே கண்ணு?

— இப்பத்தான் மரகதம்மா. கனிக்காகக் காத்துட்டிருக்கேன். நீங்கதானே வீட்டுக்காரம்மா, எத்தனை மணிக்கு வருவான்னு உங்களுக்குத் தெரியுமா?

— எந்தக் கனி? இத்தோட தங்கிக்கினு இருந்துச்சே, செல்லக்கனி, அதுவா? அது பொங்கலுக்கு ஊருக்குப் போச்சு, அங்கயே கண்ணாலம் பண்ணி வெச்சுட்டாங்கோ. இந்தப் பொண்ணு அப்போலேர்ந்து ஒண்டியாத்தான் கீது. வேற பொண்ணு ஒண்ணு சேத்துக்கோன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், வேணாவாம். இன்னா வீம்போ. நான் கீழ போறேன், தண்ணி நின்னுடும், சீக்கிரம் வா.

— அக்கா, ஒரு கொடம் புடிச்சுட்டு வந்துருதேன்.

— உக்காரு, மாரிசெல்வி. கனி பேர் போட்ட டப்பாவுல யாரோடது?

— என்னோடதுதான்.

— ரெண்டு தடவையுமா?

— ரெண்டு தடவையும். மொதல்ல குடுத்தது மட்டும் அவளோடது.

— அய்யோ. உன்னையே உன்னோட ஒத்துப் பாத்துட்டு, ஒத்துப்போகுது ஒத்துப்போகுதுன்னு குதிச்சிருக்கேன். எங்க டைரக்டர்கிட்ட வேற சொல்லிட்டேன். இந்த அளவுக்கு ஒத்துப்போனப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வந்துது. நிஜமா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். ஏன் இப்படிப் பண்ணே?

— ஒரு ரூம்ல ரெண்டு பேரு இருந்தாத்தான் ஆய்வுல சேப்பேன்னு வந்த அன்னைக்கே சொன்னிய. அவ போய்ட்டான்னு சொன்னா என்னையும் எடுத்துருவியள்லா.

— எடுத்தா என்ன? இதுல உனக்கு என்ன கிடைக்குது?

— ஞாயித்துக்கிழமை நீங்க போன் போடுவிய. நேத்து காலையில என்ன சாப்பிட்ட, மத்தியானம் என்ன, மோர் ஊத்திக்கிட்டியான்னு கேப்பிய.

— அதுக்காகவா?

— லைன்ல அத்தன பேரு நிக்கோம், வாயத் தொறக்கக் கூடாது. கேன்டீன்ல ஆளுக்கொரு போனப் பாத்துக்கிட்டே திங்காவ. எங்க வீட்டுல எப்ப லீவுன்னு மட்டும் கேப்பாவ. நான் என்ன தின்னேன்னு கேக்க இந்த ஊர்ல எனக்கு வேற யாரு இருக்கா? உங்ககிட்ட சொல்லணும்னே சனிக்கிழம எதாச்சும் ஆக்குவேன். கனி கருவாட்டுக் குழம்பு வச்சான்னு சொன்னேன்லா, அதுவும் நான் வச்சதுதான்.

— நல்லா இருந்ததுன்னு சொன்னே.

— நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க அன்னைக்கும் தயிர்சாதம்னு சொன்னிய. சாப்பாட்டப் பத்திப் படிச்சவுக தெனமும் அதையே திங்கியளேன்னு நான் ஏசுனேன்.

— ஆமா, ஏசினே.

— இனிமே போன் வராதுல்லாக்கா?

— உன் பேரை எடுத்துத்தான் ஆகணும், மாரிசெல்வி. இந்த டப்பா எதையும் ஆய்வுல வெச்சுக்க முடியாது. தப்பு தப்புதான்.

— சரிக்கா. ஆய்வுல இல்லாத ஆளுக்கு எதுக்குப் போன் போடணும்.

— ஆய்வுக்கு டப்பா மட்டும் போதும்மா. நான் ஞாயித்துக்கிழமை வேற யாருக்கும் போன் போட்டதில்ல.