பூஜையில் வைக்காத லேப்டாப்

ஆயுத பூஜைக்குக் கொடுத்த பொரி என் வீட்டில் இன்னும் நமுத்துப் போகவில்லை, சார். எதையும் இறுக்கி மூடி வைப்பவன் நான்.

ஓசூரில் எங்கள் குளிர்பதனக் கிடங்கு தொடங்கிய நாளிலிருந்து அதன் பாஸ்வேர்டுகள் எல்லாம் என் தலைக்குள்தான் இருந்தன. இயந்திரங்களை இயக்கும் கணினி ஸ்க்ரீன் எதை யார் திறக்க வேண்டுமென்றாலும் "குருமூர்த்தி அண்ணா" என்று கூப்பிட்டாக வேண்டும். சோற்றில் கை வைத்திருக்கும்போதுதான் கூப்பிடுவார்கள். எரிச்சல் வரும். அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு யுவஸ்ரீ வேலைக்கு வந்தாள். பாரூர்ப் பெண், கெட்டிக்காரி. பாஸ்வேர்டுகளை ஒரு மென்பொருள் பெட்டகத்துக்குள் வைத்தாள். யார் எதைத் திறக்கலாம் என்பதை வரிவரியாக நிரலில் எழுதினாள். ஒருவர் ஒரு வரியை மாற்றினால் இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். தந்ததும் அது தானாக நடைமுறைக்கு வந்துவிடும். நல்ல ஏற்பாடு. என் போன் அடிப்பது நின்றுபோனது. மதியச் சாப்பாட்டைச் சூடு ஆறுமுன் சாப்பிட்டு முடித்தேன். அது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குப் புரியாது, சார்.

பூஜையன்று காலையில் ஒரு வரியை நீக்கினேன். கிடங்கைக் குளிர்விக்கும் நச்சு வாயுவான அமோனியாவின் வால்வை மூடும் ஸ்க்ரீனின் பாஸ்வேர்டை ஷிஃப்ட் சூப்பர்வைசர் எடுக்கலாம் என்ற வரி. "தேவையற்ற அனுமதி நீக்கம்" என்று குறிப்பும் எழுதினேன். எங்காவது சின்னதாகக் கசியும், ஸ்க்ரீன் திறக்காது, என்னைக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன்.

யுவஸ்ரீ அப்போது சர்வருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க எழுதுனத நான் வேற படிக்கணுமாண்ணா?" என்று சிரித்தபடி, சந்தனம் படாத விரலால் போனில் ஒப்புதலை அழுத்தினாள்.

குங்குமம் வைத்த கருவியை மறுநாள்வரை தொடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். எல்லோருடைய லேப்டாப்பும் மாலைக்கு அடியில் இருந்தது. ஒப்புதல்தான் போனில் தரலாம், பெட்டகம் போனில் திறக்காது. யுவஸ்ரீயும் தன்னுடையதை அங்கேயே வைத்துவிட்டு, சுண்டலோடு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். என்னுடையது மட்டும் என் பையில் இருந்தது. வைக்க மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய்.

உள்ளே ரோஜாப்பூ இருப்பதால் குளிர்பதன இயந்திரத்துக்கு மட்டும் விடுமுறை கிடையாது. சூப்பர்வைசர் சுகுணாவும் ஆபரேட்டர் ஆஞ்சப்பனும் பணியில் இருந்தார்கள். மதியம் குழாய் கசிந்தது. சின்னக் கசிவு இல்லை.

நான் ஜூஜுவாடியில் ஒரு டீக்கடையில் இருந்தேன். போன் அடித்தது. எத்தனை நாளுக்குப் பிறகு. முதல் அழைப்பிலேயே எடுத்தால் மதிப்பிருக்காது என்று விட்டுவிட்டேன். பிறகு சுகுணாவின் குரல் செய்தி வந்தது.

"அண்ணா, ஸ்க்ரீன் தொறக்க மாட்டேங்குதுங்ணா. ஆஞ்சப்பன் அண்ணன் ஈரத்துண்ட மூஞ்சில கட்டிக்கினு, கையால வால்வ மூடறேன்னு உள்ள போறாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலங்ணா."

முழுதாகக் கேட்டேன். லேப்டாப்பைத் திறந்தேன். என் பெயருக்கு அனுமதி அப்படியே இருந்தது. பாஸ்வேர்டு என் கண்முன்னால் இருந்தது. படித்துச் சொன்னால் போதும்.

ஆஞ்சப்பன் நாட்றாம்பாளையத்துக்காரர். வால்வை மூடிவிட்டுத்தான் விழுந்தார் என்றார்கள். சுகுணா போனைப் போட்டுவிட்டு அவரை வெளியே இழுக்க ஓடியிருக்கிறாள். அதற்குள் அவர் மூச்சு நின்றுவிட்டது.

ஒப்புதலில் யுவஸ்ரீயின் பெயர் இருப்பதால் அவளை ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அழுதுகொண்டிருக்கிறாள். அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். என்னை நம்பியதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. வரியை நீக்கியது நான். ஆஞ்சப்பனைக் கொன்றது நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், சார். பாஸ்வேர்டைத் திறந்து வைத்துக்கொண்டு, டீ ஆறிப் போகும்வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் வேறு என்ன செய்திருக்க முடியும். சுகுணா இன்னொரு முறை கூப்பிடவே இல்லை.