கோட்டைக்கரையில் மூட்டாத அடுப்பு

ஆம்பூரில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

“எங்க வூட்டுக்காரரு என்னைப் பட்டினி போட்டுட்டாருக்கா,” என்றாள் இளையவள், பெருமை பொங்க.

“இன்னாடி சொல்ற?”

“தோல்ஷாப்புல லீவு வாங்கிக்கினு, கூண்டு வண்டியிலயே தூங்கி, வழியில சமைச்சு, வேலூர் கோட்டை பாக்கப் போனோம். அகழிக்கரையில அடுப்புக்குக் கல்லு கூட்டினேன். ‘வெள்ளக்காரன எதுத்து சிப்பாய்ங்க கும்பலா செத்த எடம். சாவு வூட்ல அடுப்பு மூட்டுவாங்களா?’ன்னு தடுத்துட்டாரு.”

“அது எந்தக் காலத்துச் சாவு!”

“நானும் அதான் கேட்டேன். ‘அன்னிக்கு அவங்களுக்காக யாரு அடுப்ப அணைச்சாங்க?’ன்னாரு.”

“அப்புறம்?”

“பக்கத்து வண்டியில வந்த பாய் வூட்டம்மா, ஏன் சமைக்கலன்னு விசாரிச்சாங்க. சொன்னேன். எரிஞ்சுகினு இருந்த தன் அடுப்புல தண்ணிய ஊத்திட்டாங்கக்கா.”