பட்டி பார்த்த சுவர்

உங்க ஊர் துரை பங்களாவை மியூசியமாக்கப் போறீங்க. நல்ல காரியம். அதனாலதான் இந்த மேடையில ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்... சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது.

மலையில இன்னொரு ஊர். அங்கேயும் விக்டோரியா ராணி காலத்துப் பங்களா ஒண்ணு. இடிக்க வந்தாங்க, ஊர் கூடி மறிச்சுது. முதல் ஆளா நின்னவங்க லூர்தம்மா. தேயிலை பறிக்கிறவங்க. ஏன் மறிச்சாங்க? துரை மேல பாசமா? இல்லைங்க. அவங்க தாத்தா சவரிமுத்து அங்கே பாத்திரம் கழுவினவர். ஒரு நாள், துரையோட முள்கரண்டியால சமையற்கட்டுச் சுவர்ல தன் பேரைக் கீறி வெச்சார். அவருக்குப் போட்டோ கிடையாது. கல்லறையில கல் கிடையாது. அந்தக் கீறல் ஒண்ணுதான்.

இடிக்கிறது நின்னுது. பங்களாவை மியூசியமாக்கக் கமிட்டி போட்டாங்க. செயலாளர் ஞானசிகாமணி, நல்ல மனுஷர்... அதுதான் சிக்கலே. லூர்தம்மா சமையற்கட்டைக் காட்டி, இந்தச் சுவரை நல்லா பாத்துக்குங்கய்யான்னு கேட்டுக்கிட்டாங்க. சரின்னார். ஏன்னு கேக்கலை.

திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. நம்ம ஊர்ல விழான்னா முதல்ல என்ன செய்வோம்? பெயிண்ட் அடிப்போம். பெரிய மனுஷங்க வர்றப்போ சுவர் அழுக்கா இருக்கலாமா?

விழா அன்னிக்கு லூர்தம்மா மகளைக் கூட்டிக்கிட்டு நேரா சமையற்கட்டுக்குப் போனாங்க. சுவரைத் தடவினாங்க. வழுவழுன்னு இருக்கு. செயலாளர் பெருமையா வந்து நின்னார்.

"எப்படிம்மா? கீறலை எல்லாம் பட்டி பார்த்து அடைச்சாச்சு. நீங்க சொன்ன சுவராச்சேன்னு ஒரு கோட்டிங் கூடவே அடிக்கச் சொன்னேன்."

"அந்தக் கீறல்தாங்கய்யா எங்க தாத்தா பேரு."

மனுஷர் முகம் வெளுத்துப் போச்சு... ஒரு நிமிஷம். அப்புறம் தெளிஞ்சுட்டார். நல்ல ஆர்ட்டிஸ்ட் இருக்கான், அதே இடத்துல அழகா எழுதிடலாம்னார்.

"அவருக்கு எழுதத் தெரிஞ்சதே அந்த ஒரு பேருதாங்கய்யா."

"அருமையான தகவல்மா... அதையும் போர்டுல சேர்த்துடுவோம்."

சேர்த்தாங்க. போர்டு இருக்கு. முன்கூடத்துல துரையோட நாய் பிறாண்டின நாற்காலியும் இருக்கு. அந்தப் பிறாண்டலுக்கு யாரும் பட்டி பார்க்கலை... கண்ணாடிப் பெட்டி போட்டிருக்காங்க.

இதுல கெட்டவங்க யாருங்க? ஒருத்தரும் இல்லை. எல்லாரும் காப்பாத்த வந்தவங்கதான். காப்பாத்துறதுன்னா புதுசாக்குறதுன்னு நினைச்சவங்க. எது அழுக்கு, எது சரித்திரம்னு தெரிஞ்ச ஒரே ஆளைக் கமிட்டிக்கு வெளியே நிறுத்தினவங்க.

உங்க கமிட்டிப் பட்டியலைப் படிச்சேன். இருபத்திரண்டு பேர். டாக்டர், வக்கீல், ரெண்டு மாஜி கவுன்சிலர்... அந்தப் பங்களாவுக்குத் தண்ணி சுமந்த வீட்டுலேருந்து ஒருத்தர் உண்டா? குதிரை தேய்ச்ச வீட்டுலேருந்து? சேருங்க. எந்தச் சுவரைத் தொடக்கூடாதுன்னு கேளுங்க. ஏன்னும் கேளுங்க.

வரும்போது பார்த்தேன், பங்களா வாசல்ல ஆறு பட்டி மூட்டை இறங்கியிருக்கு. எனக்குக் கைதட்ட வேண்டாம். யாராவது ஒருத்தர் எழுந்து போய், அந்த மூட்டையை இப்போ பிரிக்க வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க... நான் காத்திருக்கேன்.