செவ்வாய்க்கிழமைப் படம்

—இன்னா உவைஸ் தம்பி, பெருசாக்க பெருசாக்க கட்டம் கட்டமா ஒடையுது?

—தாமோதரண்ணே, இது வாட்ஸாப்ல நாலு கை மாறி வந்த படம். பாதி சத்து போயிடுச்சு. இத இழுத்து பிரிண்ட் போட்டா கஞ்சி மாதிரிதான் வரும்.

—அதான் தம்பியே சொல்லிடுச்சில்ல? வாய்யா, வூட்டுக்குப் போலாம்.

—சும்மா இரு வேலம்மா. சாயந்தரம் பஞ்சாயத்து. செவ்வாக்கெழம ஏரியில கோதண்டத்தோட பாடு. அவன் முறையில வேற எவனும் வலை எறக்கக் கூடாது. எவனோ இருட்டோட எறக்கி எறாவ வாரினு போய்ட்டான். பழி நம்ம புள்ள அஜித்குமார் மேல. படத்துல இருக்கறவன் வேற ஆளுனு காட்டலைனா இந்த வருசம் முச்சூடும் நமக்குப் பாடு கெடையாது. அடுப்புல இன்னாத்த வெப்ப?

—படம் யாருண்ணே எடுத்தது?

—நாந்தான், கரைல நின்னு. தோணி தெரிஞ்சுது, ஆள் தெரில. குரூப்ல போட்டதும் நாந்தான்.

—அப்போ உங்க போன்லயே ஒரிஜினல் இருக்குமே.

—தேடிட்டேன். காணோம்.

—பழைய போனு தம்பி, தானா அழிஞ்சிருக்கும்.

—தானா அழியாதுக்கா. குடுங்க பாப்போம்... தோ, குப்பைத்தொட்டில கெடக்குது. யாரோ கை வெச்சு அழிச்சிருக்காங்க.

—எவன் அழிச்சான்? வூட்ல எங்கள வுட்டா யாரு?

—அய்ய, நேரமாவுது. சின்னதாவே ஒண்ணு போட்டுக் குடு தம்பி.

—வாணாம், பெருசா போடு. கடைசில குந்தினு இருக்கறவனுக்கும் தெரியணும்.

—இருங்கண்ணே, இருட்டா இருக்கு, வெளிச்சம் ஏத்தறேன். அக்கா, ஏன் ஸ்கிரீன மறைச்சினு நிக்கறீங்க?

—ஏசிக் காத்து அங்க அடிக்குதுப்பா.

—அவ பயந்துட்டா. நேத்துலருந்து சோறு துன்னல. எம் புள்ள அப்டிப்பட்டவனா சொல்லு? அந்த செவ்வாக்கெழம மத்தியானம் நானும் அவனும் ஒண்ணா குந்தி எறா கொழம்பு சாப்ட்டோம். திருடிட்டு வந்தவன் அப்பன் மூஞ்சியப் பாத்து சோறு துன்னுவானா?

—அல்லா...

—இன்னா தம்பி?

—ஒண்ணுமில்லண்ணே. ஆளு அந்தாண்ட திரும்பினு இருக்கான். முதுகுதான் தெளிவா வருது. சட்டைத் தோள்ல மஞ்சளா ஏதோ கறை. பிரிண்டுக்கு நல்லா இருக்காது, தொடச்சு எடுத்துடறேன்.

—ஆமா தம்பி, மொதல்ல அத தொட!

—இரு. தள்ளு, நான் பாக்கணும்... இது கறை இல்லியே. ஒட்டுத் துணி. வேலம்மா, இது உன் மஞ்சப் பொடவ.

—கத்தாதய்யா. உன் கால்ல வுழறேன். பெத்த புள்ளய்யா!

—அண்ணே... பிரிண்ட் போடவா, வாணாவா?

—போடு. ஒண்ணத்தையும் தொடைக்காம போடு. வேலம்மா, அன்னைக்கு நல்லாருக்குனு நான் ரெண்டாவது தபா கேட்டு ஊத்திக்கினேனே, அந்த எறா ஏது?