அறுபதுக்கு மேல் நன்றாக ஓடும்

வாசலில் நிற்கும் உங்கள் ஜீப்பை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நடுக்கம் வந்து அடங்குகிறதே, கவனித்திருக்கிறீர்களா மேடம்? பயப்பட ஒன்றுமில்லை. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருக்கும். டிரைவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். குற்றவாளி சொன்னால் ரப்பர் தேயாமல் இருக்குமா என்ன.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் வீரணன். பசுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்று காலை நீங்கள் வயர்லெஸ்ஸில் தேடிய கல்யாண மாப்பிள்ளை அருண்பாண்டி, என் மனைவி பாண்டீஸ்வரியின் தம்பி. அவனை நான் கடத்தினேன் என்று பெண் வீட்டார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடத்தல் என்பது பெரிய வார்த்தை. அவன் என் பக்கத்து சீட்டில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தான். சீட் பெல்ட்கூடப் போட்டிருந்தான்.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார். அருண்பாண்டி ஆசைப்பட்டு வாங்கி வந்தான். அறுபதுக்கு மேல் போனால் அத்தனை நன்றாக ஓடும். இருபதுக்குக் கீழே வந்தால் விக்கும், இருமும், கடைசியில் நின்றுவிடும். மதுரைக்குள் இருபதுக்கு மேல் போக எங்கே இடமிருக்கிறது? காளவாசல் சிக்னலில் அவன் வண்டியைத் தள்ளாத வாரமே கிடையாது.

வாங்கிய புதிதிலேயே என்னிடம் கொண்டுவந்தான். "மச்சான், மெக்கானிக்குமாருக்குப் பிடிபடல. நீங்க சயின்ஸ் வாத்தியாரு, பாத்துச் சொல்லுங்க" என்றான். நானும் முறைப்படி ஆரம்பித்தேன். கோளாறைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றவேண்டும். இன்று ஸ்பார்க் பிளக் என்றால் இன்று பிளக் மட்டும். நாளை பெட்ரோல் ஃபில்டர். அவசரப்பட்டு இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அதனால் சாயங்காலம் தவறாமல் வண்டி என் வீட்டு போர்ட்டிகோவுக்கு வந்தது. அவன் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிப்பான். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுச் சத்தம் கேட்பேன். நடுவில் பாண்டீஸ்வரி டீ கொண்டுவருவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை மேடம். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பையன் கேட்டான். "இப்ப எப்படி இருக்கு மச்சான்?" என்று அவன் தலையை நீட்டிக் கேட்கும்போது எனக்கு அம்புட்டு சந்தோஷமாக இருக்கும். மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

எனக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. வீட்டில் பாண்டீஸ்வரியின் தையல் மெஷினைக் கல்யாணமான வருஷத்திலிருந்து நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை வைத்துக் கடை போடவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதுவும் லேசில் பிடிகொடுக்காத கோளாறு.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் மேளம் போகும், பின்னால் மாப்பிள்ளை திறந்த வண்டியில் நடக்கிற வேகத்தில் வருவார். அருண்பாண்டி அதில் பிடிவாதமாக இருந்தான். "ஊர்வலம் இந்த வண்டியிலதான் மச்சான். மேளத்துக்குப் பின்னாடி நிக்காம வரணும். அதுவரைக்கும் கல்யாணத் தேதி குறிக்க வேணாம்" என்றான். காதலிப்பவன்கூட இப்படிச் சத்தியம் செய்திருக்க மாட்டான்.

திவ்யா என்று ஒரு பெண்ணை ஏறக்குறைய முடித்திருந்தோம். நிச்சயத்தன்று, வண்டி தேறிவிட்டது என்ற தைரியத்தில், அதிலேயே போனான். பெண் வீட்டு வாசலில் வந்து சரியாக நின்றது. பின்னால் வேனில் தட்டோடு வந்த பெண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். சகுனம் சரியில்லை என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். அதற்கடுத்து வந்த இடத்திலும் இதே கதைதான். அந்த இரண்டு சாயங்காலமும் பையன் போர்ட்டிகோவில் என் தோளில் சாய்ந்து அழுதான். நான்தான் தேற்றினேன். மறுபடி முதலிலிருந்து பார்ப்போம் மாப்ள என்று சொன்னேன். பார்த்தோம்.

பிறகு ஆர்த்திகா வந்தாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் பெண், இரத்தப் பரிசோதனை செய்கிறவள். வண்டியின் வரலாறு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என் எதிரிலேயே அருண்பாண்டியிடம், "எல்லாத்தையும் ஒண்ணொண்ணா மாத்திப் பாத்தீங்க. பாக்கற இந்த அண்ணன மட்டும் மாத்திப் பாக்கலையே?" என்றாள். நான் சிரித்தேன். முறைப்படி பார்த்தால் நல்ல கேள்வி. வகுப்பில் கேட்டிருந்தால் தட்டிக் கொடுத்திருப்பேன்.

அந்த வாரம் வண்டி என் வீட்டுக்கு வரவில்லை. தெப்பக்குளம் பக்கம் பீமாராவ் என்ற மெக்கானிக்கின் பட்டறையில் இருந்திருக்கிறது. அங்கே அது ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிற கோணி ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோளாறை நான் முதல் சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டேன். இன்ஜினுக்குக் காற்றிழுக்கும் இடத்தில் விரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது, அதில் ஒரு சின்ன வெடிப்பு. மெதுவாகப் போகும்போது இன்ஜின் கொஞ்சமாகத்தான் மூச்சிழுக்கும். அந்தக் கொஞ்சத்தில் வெளிக்காற்று துளி கலந்தாலும் இடறிவிடும். வேகமாகப் போகும்போது பெரிய மூச்சு, அதில் இந்தத் துளை ஒரு பொருட்டில்லை. குழாயை மாற்றினால் முடிந்தது வேலை.

பிறகு அவன் எதற்கு வருவான் என்று யோசித்தேன். அவ்வளவுதான் மேடம், வேறு கெட்ட எண்ணம் இல்லை.

நடுநடுவே யாராவது புதுக்குழாய் போட்டுவிடுவார்கள். அப்போது ஊசி தேவைப்பட்டது. சில சமயம் துளையில் மெழுகை வைத்து அடைத்து இரண்டு நாள் நன்றாக ஓடவிடுவேன். நம்பிக்கை அற்றுப்போனால் பையன் வண்டியை விற்றுவிடுவானே. மெழுகு சூட்டில் தானாக உருகிவிடும். திவ்யா வீட்டு வாசலில் உருகியது அந்த மெழுகுதான். அந்த இடத்தில் உருகும் என்று நான் கணக்குப் போட்டது உண்மை. ஆனால் வெயிலும் ஒத்துழைத்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஊசியோடு பட்டறைக்குப் போனேன். பீமாராவ் சாப்பிடப் போயிருந்தார். பானெட்டைத் திறந்தால் ரப்பர் குழாய் இருந்த இடத்தில் செம்புக் குழாய். ஆர்த்திகா சொல்லிப் போடவைத்திருக்கிறாள். ஊசி வளைந்ததுதான் மிச்சம். அந்த வளைவு அப்படி வந்ததுதான்.

இன்று காலை பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம். அக்கா புருஷன்தான் ஓட்டவேண்டும் என்று உறவுமுறைப் பெரியவர்களே சாவியை என் கையில் கொடுத்தார்கள். ஆர்த்திகா மண்டபத்தில் அலங்காரத்தில் இருந்ததால் அவளுக்குத் தெரியாது. வண்டி மேளத்துக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் வந்தது. விக்கவில்லை, இருமவில்லை. நாதஸ்வரக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அருண்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியாயிருச்சு மச்சான். எம்புட்டு நாளா எனக்காகக் கஷ்டப்பட்டீங்க. இனிமே சாயங்காலம் வந்து ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றான்.

நல்ல மனசோடுதான் சொன்னான்.

மெதுவாகப் போவது சரியானால், வேகத்தில் ஏதாவது கெட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதுதான் முறை. மேளம் மண்டபத்துப் பக்கம் திரும்பியது. நான் ரிங் ரோட்டுப் பக்கம் திரும்பினேன். பின்னால் கொஞ்ச தூரம் பங்காளிகள் ஓடிவந்தார்கள். "எங்க போறீங்க மச்சான்?" என்றான் அருண்பாண்டி. "ஒரு சின்ன டெஸ்ட் மாப்ள" என்றேன். மேலூர் தாண்டியதும், "முகூர்த்தம் மச்சான், முகூர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

கொட்டாம்பட்டி தாண்டி ஓரமாக நிறுத்தினேன். இன்ஜினைப் பார்க்கிற சாக்கில், தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பாகத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாவிட்டால் வண்டி அசையாது. அவன் போன் அக்காவிடம் இருந்தது. என் போனை நான் அணைத்துவைத்திருந்தேன். கொஞ்ச நேரம் போகிற பஸ்ஸுக்கெல்லாம் கைகாட்டினான். மாலையோடு நடுரோட்டில் நிற்பவனைப் பார்த்து யார் நிறுத்துவார்கள்? அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, என் பக்கத்தில் வந்து குனிந்து, "பிளக்குக்குப் பொறி வருதா மச்சான்?" என்று கேட்டான்.

மேடம், அந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே இருப்பேன். முகூர்த்த நேரம் முழுவதும் இருவரும் அந்த இன்ஜினைப் பார்த்தோம். ஒன்றைக் கழற்றினோம், துடைத்தோம், மறுபடி மாட்டினோம். நடுவில் அவன் இரண்டு தடவை சிரித்ததை நான் பார்த்தேன். அவன் இல்லை என்பான்.

வழியெல்லாம் சிவப்புக் காரை விசாரித்துக்கொண்டு பீமாராவின் வேனில் ஆர்த்திகா வந்து இறங்கினாள், முழு அலங்காரத்தோடு. திட்டவில்லை. கையை மட்டும் நீட்டி, "அண்ணே, பையில இருக்கறதக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். அடுத்த நல்ல நேரத்தில் ரோட்டோரக் கோயிலிலேயே தாலி கட்டிக்கொண்டார்கள். அதற்குள் உங்கள் ஆட்கள் என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பானெட்டை மூட யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். திரும்பும்போது மதுரை வரைக்கும் இருபதிலேயே ஓட்டி வந்தார்களாம், வண்டி ஓர் இடத்திலும் நிற்கவில்லையாம். உங்கள் ஏட்டு சொன்னார்.

பாண்டீஸ்வரி என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பீமாராவை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், தையல் மெஷினைப் பார்க்க. அவர் எதையோ ஒரு திருகு திருகினாராம், மத்தியானத்திலிருந்து மெஷின் ஓடுகிற சத்தம் தெருவுக்கே கேட்கிறதாம். அதை நான் நம்பவில்லை. அப்படிச் சட்டென்று சரியாகிற கோளாறு இல்லை அது.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். குழாயில் துளை போட்டது நான், மெழுகு வைத்தது நான், மாப்பிள்ளையைக் கொண்டுபோனது நான். ஆனால் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காரில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது, அது இன்னும் பிடிபடவில்லை. வண்டியைச் சாயங்காலம் இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள் மேடம், பார்த்துவிடுகிறேன். கூடவே மாப்ளையும் வரட்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க ஓர் ஆள் வேண்டும்.